நொச்சி சூடிய அழகக்கோனார்

ஈழநாட்டு வரலாற்றிலே முடி சூடாது நின்று முடியுடையாரைக் காத்த பெருமக்கள் சிலருளர். அவருள் ஒருவர், பதினான்காம் நூற்றாண்டிலே கம்பளை அரசர்க்கு அமைச்சராயும் படைத்தலைவராயும் விளங்கிய நிச்சங்க அழகக்கோனார். சிங்கள நூல்கள் அவரை அளகேஸ்வரர் என்றும் வழங்கும். பாடநூல்களில் அவர் பெயர் ஒரு வரியாய் வந்து மறைந்துபோகின்றது. கோட்டை நகருக்கு அடிகோலியவர் என்று எழுதினால் மாணாக்கனுக்கு இரண்டு புள்ளி கிடைக்கும். அதற்குமேல் அவரை அறிவார் இலர். மலைநாட்டிலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் என்னும் முறையில், அவ்வொரு வரியைச் சற்று விரித்துக் கூறுதல் நம்மனோர்க்குப் பயன் தருமென்று எண்ணியே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

முதற்கண் அவர் வாழ்ந்த காலத்தையும் களத்தையும் அறிதல் வேண்டும். 1215ஆம் ஆண்டிலே மாகன் என்பான் பெரும்படையுடன் வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அதன்பின் சிங்கள அரசு வடசமவெளியை விட்டுத் தென்மேற்கு நோக்கி நகர்ந்தது. தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல் என அரசிருக்கை ஊரூராய்ப் பெயர்ந்தது. 1341ஆம் ஆண்டளவில் நான்காம் புவனேகபாகு என்னும் அரசன் மகாவலி கங்கைக் கரையிலே கம்பளையைத் தலைநகராகக் கொண்டான். இன்று அட்டனிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகைவண்டி நாவலப்பிட்டியையும் உலப்பனையையும் கடந்து நிற்கும் அதே கம்பளைதான். ஏரி நீரும் வயல் விளைவும் அரசுக்குச் செல்வமாய் இருந்த காலம் கழிந்து, கறுவாவும் முத்தும் துறைமுக வாணிகமும் செல்வமாய் ஆன காலம் அது. மலை அரணாகவும் மேற்குக் கடல் வாயிலாகவும் அமையும் இடமொன்றை அரசர் நாடியதில் வியப்பில்லை.

அக்காலக் கம்பளை அரசு ஒருமொழிக்கு உரியதாய் இருந்ததன்று. பேராதனைக்கு அணித்தாயுள்ள கடலாதெனிய விகாரம் 1344ஆம் ஆண்டிலே எழுந்தது. அதனைக் கருங்கல்லிற் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னாட்டான் என்று ஆண்டுள்ள கல்வெட்டே கூறுகின்றது. பௌத்த விகாரமாயினும் அதன் தூண்களும் சிகரமும் தமிழகக் கோயிலொன்றைக் காண்பார்க்கு நினைப்பூட்டும். அதே ஆண்டில், சேனாலங்காதிகாரர் என்னும் அமைச்சர் இலங்காதிலக விகாரத்தைக் கட்டுவித்தார். அங்கே பாறையிற் பொறித்த சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் உண்டு. அரசாணையைத் தமிழிலும் படித்துணரும் மக்கள் இல்லாத இடத்திலே தமிழிற் கல்வெட்டுவார் யாருமிலர் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அந்நாளில் இன்றைய அட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பகுதிகள் பெருங்காடு. தேயிலைச் செடி இல்லை. மனிதர் சென்ற வழி ஒன்றுண்டெனின், அது சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரை வழியே. 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இபுனு பதூதா புத்தளக் கரையிலே இறங்கி, ஆண்டிருந்த ஆரியச் சக்கரவர்த்தியின் துணைகொண்டு அம்மலைக்கு ஏறினார். பாறையிலே பிணித்திருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறியதை அவர் எழுதியிருக்கின்றார். செல்லும் வழியிலே குனக்கார் என்னும் நகரைக் கண்டதாகவும், அதன் தலைவனைக் குனார் என்று அழைப்பர் என்றும், அவனிடம் வெள்ளையானை ஒன்று இருந்ததென்றும் அவர் குறித்துள்ளார். அக்குனார் என்பது கோனார் என்பதன் திரிபே என ஆராய்ச்சியாளர் சிலர் கொண்டனர். வேறு சிலர் அதனை ஏற்றிலர். நகர் யாதென்பதிலும் கம்பளை, குருநாகல், இரத்தினபுரி எனக் கருத்து வேறுபாடுண்டு. எவ்வாறாயினும், மலைநாட்டின் நடுவே பெருந்தலைவர் சிலர் அரசர்க்கு நிகராய் வாழ்ந்த காலம் அதுவென்பது இதனாற் புலனாகும்.

இனி, நம் தலைவரின் பெயரை ஆராய்வாம். அழகன் என்பதும் கோன் என்பதும் தூய தமிழ்ச் சொற்கள். கோன் அரசனையும் குறிக்கும். ஆனிரை காப்பானையும் குறிக்கும். இரண்டிற்கும் பொதுவாயது காத்தற்றொழில். இப்பெயர் வடமொழி வழக்கிற் புகுந்து அளகேஸ்வரர் என்றாயிற்று. அளகை என்பது செல்வக் கடவுளாகிய குபேரனின் நகர். அளகேஸ்வரன் என்றால் குபேரன் என்று பொருள்படும். இவர்தம் முன்னோர் வணிகத்தாற் செழித்த குடியினர் என வரலாற்றறிஞர் கருதுவர். அது பொருந்துமாயின், ஒலியொப்புமையோடு பொருளொப்புமையும் கூடி வந்த அப்பெயரை அரசவைப் புலவர் விரும்பி எடுத்தாண்டதிற் குற்றமில்லை.

அவர் குடியின் வரவைப் பற்றிக் களனிக் கல்வெட்டும், அந்நூற்றாண்டின் இறுதியிலே எழுந்த நிகாயசங்கிரகம் என்னும் சிங்கள நூலும் செய்தி தருகின்றன. வஞ்சி நகரிலிருந்து வந்த கிரிவமிசத்தார் இவர் என்பது அச்செய்தியின் சாரம். வஞ்சி என்றவுடன் தமிழ் மாணவர்க்குச் சிலப்பதிகாரத்தின் மூன்றாம் காண்டம் நினைவுக்கு வரும். சேரர் தலைநகராகிய அவ்வஞ்சி கருவூரா, கொடுங்கோளூரா என்று நம் புலவர்கள் நெடுநாள் வாதிட்டனர். ஈழத்து வஞ்சி வழக்குக்கு அவ்வாதம் முடிவு சொல்லாது. ஆயினும் இக்குடி மேலைக்கடற்கரையின் வாணிகத் தொடர்போடு சேரநாட்டுப் பக்கமிருந்து வந்ததென்பதைப் பெரும்பாலோர் ஒப்புவர். நிச்சங்கர் இந்நாட்டிற்குப் புதியவரல்லர். அவர்க்கு முன்னரே அப்பெயர் தாங்கிய முன்னோர் பலர் ஈண்டு வாழ்ந்து மறைந்தனர்.

அவர் வகித்த பதவியை உணர்த்தும் சொல் பிரபுராசர் என்பது. பிரபு என்பதற்கும் அரசன் என்பதற்கும் இடைப்பட்ட நிலை அது. நம் இலக்கிய வழக்கிலே குறுநில மன்னர் என்பதை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம். கொழும்புக்குத் தெற்கேயுள்ள றைகமம் அவருடைய இருப்பிடம். அருத்தநாயகர், தேவமந்திரீசுவரர் என்னும் உடன்பிறந்தார் இருவர் அவர்க்குத் துணை. அரசன் மலைமேற் கம்பளையில் இருக்க, அமைச்சர் கடலணித்தாய் றைகமத்தில் இருந்தார். துறைமுக வருவாய் யார் கைவழிச் சென்றதோ அவர் கையிலே ஆட்சியின் மெய்வலி இருந்தது. மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்திலே, அஃதாவது 1357 முதல் 1374 வரையுள்ள ஆண்டுகளில், அரசன் பெயரளவில் ஆளவும் அழகக்கோனார் செயலளவில் ஆளவும் ஆகிய நிலை உண்டாயிற்று.

அவ்வலி எதன்பொருட்டு வேண்டப்பட்டது என்பதற்கு விடை வடக்கே உள்ளது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் அக்காலத்தே கடற்படையும் முத்துச் சலாபமும் உடையராய் ஓங்கி நின்றனர். மடவளை என்னுமிடத்துக் கல்வெட்டு 1359ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி, விக்கிரமபாகுவுக்கும் மார்த்தாண்டப் பெருமாள் என்னும் ஆரியச் சக்கரவர்த்திக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மாத்தளை, தும்பறை முதலிய மலைநாட்டுப் பகுதிகளிலே வரி திரட்டப் பிராமணர் சிலர் அமர்த்தப்பட்டனர். மலைநாட்டிலும் தாழ்நாட்டிலும் ஒன்பது துறைமுகங்களிலும் ஆரியச் சக்கரவர்த்தி திறை கொண்டான் என்று இராசாவளி என்னும் சிங்கள வரலாற்று நூல் கூறும். கேகாலைப் பகுதியிற் கொட்டகமத்திலே கிடைத்த தமிழ் வெண்பாக் கல்வெட்டும் சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைப் பாடுகின்றது. அதன் காலம் பற்றி அறிஞர் வேறுபடுவர். எனினும் யாழ்ப்பாணத்தார் கை மலைநாட்டின் உள்வரை நீண்டிருந்தது என்பதிற் பெரிதும் ஐயமில்லை.

இந்நிலையை மாற்ற அழகக்கோனார் துணிந்தார். வெறுஞ்சினம் கொண்டு எழுந்தாரல்லர், முன்னேற்பாட்டோடு எழுந்தார். களனி கங்கைக்குத் தெற்கே, நீரும் சதுப்பும் சூழ்ந்த தாருகமம் என்னும் சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஆழ்ந்த அகழி தோண்டுவித்து, செம்பாறைக் கல்லால் மதில் எடுத்து, உள்ளே உணவுப் பண்டங்களைச் சேமித்தார். நகரைக் காக்கும் தெய்வங்களுக்குக் கோயில்களும் சமைத்தார். உபுல்வன், சமன், விபீடணன் என்பாரோடு கந்தகுமாரனும் அக்காவற்றெய்வங்களுள் ஒருவன். செயவர்த்தனபுரம் என்று பெயர் பெற்ற அவ்வரணைப் பொதுமக்கள் கோட்டை என்றே அழைத்தனர். சிங்களத்திலே கோட்டே என்றும் தமிழிலே கோட்டை என்றும் இன்றளவும் அப்பெயர் நிலவுகின்றது.

அரண் முடிந்தபின், வரி கொள்ள வந்திருந்த யாழ்ப்பாணத்து அதிகாரிகளைப் பிடித்துத் தூக்கிலிட்டார் என்று இராசாவளி கூறும். அது போருக்கு விடுத்த வெளிப்படையான அழைப்பு. ஆரியச் சக்கரவர்த்தி இரு படைகளை ஏவினான். ஒன்று தரைவழியே மாத்தளை நோக்கி வந்தது. மற்றொன்று கப்பல்களில் மேற்குக் கரைக்கு வந்தது. கம்பளையிலிருந்த அரசன் ஐந்தாம் புவனேகபாகு அஞ்சி இரவோடு வெளியேறி றைகமம் சேர்ந்தான் என்பது அந்நூற் செய்தி. மலைநாட்டுப் படைஞரோ, அரசன் நீங்கியும் தாம் நீங்காது நின்று, தரைவழி வந்த படையை முறியடித்தனர். கடல்வழி வந்த படையை அழகக்கோனார் எதிர்த்து அழித்தார். வரி கொடுத்தல் அத்துடன் நின்றது.

புறத்திணை கற்ற மாணாக்கர் ஈண்டு ஒன்றை நோக்குதல் வேண்டும். பிறர் மண் கொள்ளப் படையெடுப்பார் சூடுவது வஞ்சி. மதில் வளைப்பார் சூடுவது உழிஞை. மதில் காப்பார் சூடுவது நொச்சி. வஞ்சி என்னும் பெயருடைய ஊரிலிருந்து வந்த குடியிற் பிறந்த இவர், தம் வாழ்நாளிற் சூடியது நொச்சியே. அரசின் உறுப்புகளுள் அமைச்சையும் அரணையும் வள்ளுவர் தனித்தனியே எண்ணினார். ஒருவரே அமைச்சராய் இருந்து அரணையும் ஆக்கியது இவரிடத்தே காணும் சிறப்பு.

வாளெடுத்த கையோடு இவர் நின்றாரல்லர். 1369ஆம் ஆண்டளவிலே, பௌத்த சங்கத்தில் ஒழுக்கக் கேடு மிகுந்தது கண்டு, தருமகீர்த்தி தேரரைத் தலைவராகக் கொண்டு துறவோர் அவையொன்றைக் கூட்டி, தகாதாரை நீக்கிச் சங்கத்தைத் தூய்மை செய்தார் என்று நிகாயசங்கிரகம் புகழ்கின்றது. அந்நூலை எழுதியவரும் ஒரு தேரரே. சங்கத்தைத் திருத்துதல் சிங்கள வழக்கிலே அரசர்க்குரிய கடன். அக்கடனை முடி சூடாத ஒருவர் ஆற்றினார். ஆற்றவும் சங்கம் இசைந்தது. இவர் குடியின் வந்த வழியை அறிந்திருந்தும் அத்தேரர் அதனைக் குறையாகக் கூறாது பெருமையாகவே எழுதினார். அக்காலத்துச் சிங்களத் தூது நூலாகிய மயூர சந்தேசமும் இக்குடியினரை வாழ்த்துகின்றது. மயூர சந்தேசம் என்பது மயில்விடு தூது. தமிழிலே தூது பாடிய மரபும் சிங்களத்திலே சந்தேசம் பாடிய மரபும் உடன்பிறப்புகள் போல்வன.

ஒப்புமைக்கு ஓர் ஆங்கிலப் பிரபுவை நோக்குவாம். அழகக்கோனாரின் வாழ்வு இறங்குமுகமான காலத்தில், 1380ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் நோர்போக் பகுதியிற் பிறந்தவர் சேர் ஜோன் பாஸ்டோல்ஃப். பெருங்குடியிற் பிறந்தவரல்லர். பிரான்சு நாட்டுப் போரிலே அரசர்க்குத் தொண்டு செய்து பொருளும் பட்டமும் ஈட்டினார். ஈட்டிய பொருளைக்கொண்டு கேஸ்டர் என்னும் ஊரிலே செங்கல்லால் அகழி சூழ்ந்த கோட்டை கட்டினார். 1459ஆம் ஆண்டில் மகப்பேறின்றி இறந்தார். இறந்தபின் அவர் சொத்துக்காகப் பாஸ்டன் குடும்பத்தாரும் நோர்போக் கோமகனும் பொருதனர். 1469ஆம் ஆண்டிலே அக்கோட்டை முற்றுகையிடப்பட்டது. சேக்ஸ்பியர் தம் ஆறாம் ஹென்றி நாடகத்தின் முதற்பாகத்திலே இவரைப் போர்க்களத்தில் ஓடிய கோழையாக்கினார். பின்னர் இவர் பெயரின் சாயலிலே பால்ஸ்டாஃப் என்னும் நகைச்சுவைப் பாத்திரம் பிறந்தது. இன்று ஆங்கிலம் படிக்கும் மாணவர்க்குப் பால்ஸ்டாஃப் தெரியும்; பாஸ்டோல்ஃப் தெரியாது.

இருவர்க்கும் ஒப்புமை பல. இருவரும் அரசர் அல்லர்; அரசர்க்கு இன்றியமையாதவர். இருவரும் போரால் உயர்ந்தவர். இருவரும் அகழி சூழ்ந்த கோட்டை கட்டினர். இருவரையும் பின்வந்தோர் நினைவு உருமாற்றியது. வேறுபாடு ஒன்றே. பாஸ்டோல்ஃப் எழுதிய கடிதங்களும் அவர்க்கு எழுதிய கடிதங்களும் பாஸ்டன் குடும்பத்தார் கட்டிவைத்த கட்டுகளில் எஞ்சியுள. அதனால் நாடகத்தின் பொய்யை அறிஞர் களைந்தனர். அழகக்கோனாரின் கையெழுத்து ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது. கல்லிலும் ஏட்டிலும் பிறர் எழுதியதே சான்று. ஆதலின் அவரை யாரும் தத்தம் விருப்பம்போல் வரைந்துகொள்ளல் எளிதாயிற்று.

அவர் வழிவந்தோரின் வரலாறு அவர் வரலாற்றைப்போல் ஒளியுடையதன்று. குமார அளகேஸ்வரர், வீரபாகு, வீர அளகேஸ்வரர் என்போர் ஒருவர்பின் ஒருவராய் ஆட்சி செலுத்தினர். வீரபாகுவும் வீர அளகேஸ்வரரும் உடன்பிறந்தார். பதவிக்காக இருவரும் றைகமத்திலே பொருதனர். 1391ஆம் ஆண்டளவில் தோற்ற வீர அளகேஸ்வரர் இந்தியாவுக்கு ஓடி, 1399ஆம் ஆண்டளவில் மீண்டு வந்து ஆட்சியைக் கைப்பற்றினார். பகைவனை மதிலுக்கு வெளியே நிறுத்திய குடி, பகையை மதிலுக்கு உள்ளே வளர்த்தது.

அவ்வீர அளகேஸ்வரரே சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவோடு பகைத்தவர் எனக் கொள்வர். சீன அரசவைக் குறிப்பு இவர் பெயரை அலியகுனயர் என்றாற்போன்ற ஒலியில் எழுதியுள்ளது. அக்குறிப்பின்படி, இவர் செங் ஹோவை உள்நாட்டுக்கு வரவழைத்துப் பொன்னும் வெள்ளியும் கேட்டு, ஐம்பதினாயிரம் படைஞரை ஏவிக் கப்பல்களைக் கொள்ளையிட முயன்று, வழியை மரங்களால் அடைத்தார். செங் ஹோ இரண்டாயிரம் பேருடன் எதிர்பாராத வழியிற் சென்று தலைநகரைப் பிடித்து, தலைவரையும் குடும்பத்தாரையும் சிறைகொண்டார். 1411ஆம் ஆண்டிலே அவர்கள் சீனப் பேரரசர் யொங்லோவின் முன்னிலையில் நிறுத்தப்பட்டனர். கொல்ல வேண்டுமென்று அமைச்சர் கூற, பேரரசர் இரங்கி உணவும் உடையும் தந்து விடுவித்தார். இவை வென்றவர் எழுதிய கணக்கு என்பதை மறத்தலாகாது. இராசாவளியோ சிறைப்பட்டவனை விசயபாகு என்று பெயரிட்டு, பரிசில் கொணர்வார்போல் வந்து வஞ்சித்துப் பிடித்தனர் என்று கூறும். இரு நூலும் ஒருவரையொருவர் வஞ்சகர் என்கின்றன. சிறைப்பட்டது நடந்தது, அதன்பின் ஆறாம் பராக்கிரமபாகு அரசனாகிக் கோட்டையிலே நெடுங்காலம் ஆண்டான். அழகக்கோனார் குடியின் ஆட்சி அத்துடன் முடிந்தது. அவர் கட்டிய அரண் மட்டும் அரசிருக்கையாய் உயர்ந்தது.

அச்செங் ஹோவின் வருகைக்குத் தமிழ்ச் சான்று ஒன்றுண்டு. 1409ஆம் ஆண்டெனத் தேதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு 1911ஆம் ஆண்டில் காலி நகரிலே நீரோடும் மதகொன்றிற் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது கொழும்புத் தேசிய அரும்பொருட்சாலையில் உள்ளது. சீனப் பகுதி புத்தரை நோக்கியும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறியை நோக்கியும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையிற் கோயில் கொண்ட தேனவரை நாயினாரை நோக்கியும் காணிக்கை கூறுகின்றன. ஆயிரம் பொன்னும் ஐயாயிரம் வெள்ளியும் அக்காணிக்கையுட் சில. இலங்கைக்கு மூன்று மொழியிற் கல்வெட்டு எழுதக் கருதிய சீனர், அம்மூன்றனுள் ஒன்றாகத் தமிழைத் தேர்ந்தனர். தென்கோடியிலே தமிழ் அறியாதார்க்குத் தமிழில் எழுதியிரார்.

இனி, இக்கட்டுரையின் உட்பொருளுக்கு வருவாம். அழகக்கோனார் யாருடையவர்? இவ்வினாவை என் மாணவி ஒருத்தி வகுப்பிலே கேட்டாள். “ஐயா, அவர் தமிழரா, சிங்களவரா?” என்றாள். அவள் தோட்டத்துப் பிள்ளை. அவ்வினாவின் பின்னே வேறொரு வினா நின்றதை நான் உணர்ந்தேன். தேயிலைக்கு முன்னே நமக்கு இந்த மலையில் யாதேனும் உண்டா என்பதே அது.

ஆம், அவர் தமிழரே, நம்மவரே என்று சொல்லிவிடின் வகுப்பு மகிழும். அவ்வாறு சொல்லுவாரும் உளர். ஆனால் அவர் பொருததோ யாழ்ப்பாணத்துத் தமிழரசோடு. காத்ததோ சிங்கள அரசை. திருத்தியதோ பௌத்த சங்கத்தை. தமிழரென்று உரிமை கொண்டாடுவார் இம்மூன்றையும் விழுங்கல் வேண்டும். மறுபுறத்தார் சிலர், அந்நியர் ஆட்சியை ஒழித்த சிங்கள வீரர் என்று அவரைப் போற்றுவர். அவர்கள் வஞ்சியையும் கோனார் என்னும் பெயரையும் விழுங்கல் வேண்டும். 1904ஆம் ஆண்டிலே அவர் வாழ்வையும் காலத்தையும் ஆராய்ந்து விரிவாக எழுதியவர் ஈ. டபிள்யூ. பெரேரா. பின்னாளிற் கோட்டையின் சிங்கம் என்று புகழ்பெற்ற நாட்டுப்பற்றாளர் அவர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் படைச்சட்டக் கொடுமைகளை எடுத்துரைக்க ஆவணத்தைச் செருப்பினுள் மறைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றவரும் அவரே. அத்தகைய ஒருவர் இப்பிரபுவைத் தம் ஊரின் முதற்றலைவராகக் கண்டார் என்பதையும் நாம் மதித்தல் வேண்டும்.

ஆதலின் அம்மாணவிக்கு நான் கூறிய விடை இது: தமிழரா சிங்களவரா என்று இன்று நாம் கேட்கும் பொருளில் அவர் காலத்தார் அவரைக் கேட்டிலர். எங்கிருந்து வந்தார் என்பதைக் கேட்டனர். கல்லிலும் ஏட்டிலும் எழுதியும் வைத்தனர். எழுதியபின் அதனை அவர்க்கு எதிராக நிறுத்தினாரல்லர். அவர் என் செய்தார் என்பதே அவரை இந்நாட்டார் ஆக்கியது. அடுத்த நூற்றாண்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஆறாம் பராக்கிரமபாகுவின் படைத்தலைவனாய் 1450ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தை வென்ற சப்புமல் குமாரன் என்னும் செண்பகப் பெருமாள், மலையாளக் கரையிலிருந்து வந்த பணிக்கர் ஒருவரின் மகன் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் எழுதினர். அவனே பின்னர் ஆறாம் புவனேகபாகுவாய்க் கோட்டையிலே முடி சூடினான்.

இரத்தத் தொடர்பு காட்டி அழகக்கோனாரை மலையக மக்களின் மூதாதையாக்க நான் முயலவில்லை. அத்தகைய தொடர்புக்குச் சான்றில்லை. சான்றில்லாததைச் சொல்லி மாணவரை மகிழ்விப்பது ஆசிரியத் தொழிலுக்கு இழுக்கு. அவர் கப்பலும் பொருளும் உடைய குடியினர். நம் முன்னோர் கால்நடையாய் வந்த கூலிகள். அவர் பெயர் கல்லில் உள்ளது. நம் முன்னோரின் பெயர்கள் தோட்டத்துப் பேரேட்டிலே எண்ணோடு எழுதப்பட்டு, அப்பேரேடுகளும் பெரும்பாலும் அழிந்தன. ஒப்பிட வேண்டுவது குடியையன்று, நாடு வந்தாரை ஏற்ற முறையையே.

இவ்விரு வரலாறும் ஓரிடத்திலே சந்திக்கின்றன. அவ்விடம் கம்பளை. 1823ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர், கம்பளைக்கு அணித்தாயுள்ள சிங்ஹபிட்டியவிலே பெருந்தோட்ட முறையிற் கோப்பி பயிரிட்டார். தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்து குடியேறிய வரலாற்றை அவ்வாண்டிலிருந்தே எண்ணி, 2023ஆம் ஆண்டிலே இருநூறாண்டு நினைவு கொண்டாடினோம். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலையை வாணிகப் பயிராக்கினார். கோப்பி நோயால் அழிய, மலை முழுதும் தேயிலை ஆயிற்று. அழகக்கோனார் அமைச்சு நடத்திய தலைநகரின் நிழலிலேயே நம் முன்னோர் முதன்முதலாய் மண்வெட்டி பிடித்தனர்.

அம்மண்ணிலே ஐந்து தலைமுறை உழைத்தபின், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாட்டுக்கும் செம்பாதியாய்ப் பங்கிட்டது. மனிதரை எண்ணாய்க் கூறுபோட்ட அவ்வொப்பந்தங்களால் ஒரே லயத்திலே தந்தை ஒரு நாட்டுக்கும் மகன் ஒரு நாட்டுக்கும் உரியராயினர். புகைவண்டி நிலையங்களிலே பிரிவாற்றாது அழுத குரலை இம்மலைநாட்டு முதியோர் மறந்திலர். 1988ஆம் ஆண்டிலும் பின் 2003ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களே நாடின்மைக்கு முடிவு கட்டின.

அந்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறிய பாராளுமன்றம் எவ்வூரில் உள்ளது? ஸ்ரீ ஜெயவர்த்தனபுரக் கோட்டையில். 1982ஆம் ஆண்டு தொட்டு நாட்டின் சட்டங்கள் இயற்றப்படும் அவ்விடம், வஞ்சியிலிருந்து வந்த குடியினர் ஒருவர் அகழியும் மதிலும் சமைத்து அடிகோலிய ஊர். வந்தார் குடியிற் பிறந்த ஒருவர் கட்டிய ஊரிலே, வந்தார் குடியினராகிய நம்மவர்க்கு இந்நாட்டார் என்னும் பெயர் மீண்டது. ஐந்நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் இச்செய்தியை ஒருங்கு வைத்து எந்தப் பாடநூலும் காட்டியதை யான் கண்டிலேன்.

ஆசிரியத் தோழர்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறை மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லுமிடத்து, ஒரு பகற்பொழுதைக் கடலாதெனியவுக்கும் இலங்காதிலகத்துக்கும் எம்பெக்கைக்கும் ஒதுக்குக. மூன்றும் பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையே அடுத்தடுத்து உள்ளன. எம்பெக்கையின் மரச் சிற்பங்களைக் காட்டுக. கணேசுவராசாரி கட்டிய கற்றூண்களைத் தொட்டுப் பார்க்கச் செய்க. பின்பு இலங்காதிலகப் பாறையருகே நிறுத்தி, அதில் வெட்டியுள்ள தமிழெழுத்துகளைக் காட்டி, எத்தனை எழுத்தை அவர்களாற் படிக்க இயலுகின்றது என்று கேட்க. சிலவற்றை இன்றைய வடிவிலேயே இனங்காண்பர். சிலவற்றிற்கு நீவிர் துணை செய்தல் வேண்டும். எழுநூறு ஆண்டு அணித்தாயது அவ்வெழுத்து. பிள்ளைகள் அதனைத் தம் வாயாற் கூட்டிப் படித்துவிட்டால், தேயிலைக்கு முன்னே யாது இருந்தது என்னும் வினாவுக்கு ஆசிரியர் வேறு விடை கூறவேண்டியதில்லை.